ஸ்பைக் பஸ்டர் வாங்கினால் மட்டும் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர் எது, ராம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. எத்தனை ஜி.பி. என்று பத்துப் பேரிடமாவது விசாரிக்கின்றனர். ஆனால் வாங்கிய கம்ப்யூட்டரை வீட்டில் எந்த பிளக் பாயிண்டில் இணைப்பது என்பதை யாரிடமும் கேட்பதில்லை. டிவிக்குப் பின்னால் ஒரு பாயிண்ட் இருக்கும். அதில் ஒரு எக்ஸ்டன்ஷன் பாக்ஸ். அந்தப் பாக்ஸில் சி.பி.யு., மானிட்டர், பிரிண்டர், மோடம், மொபைல் சார்ஜர் என்று வரிசையாகச் செருகிவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுகின்றனர். சற்று முன்னெச்சரிக்கை உள்ளவர்கள் கடைக்காரர் சொற்படி ஸ்பைக் பஸ்டர் ஒன்றை வாங்கிவிட்டு, இனிக் கவலை இல்லை என்று நிம்மதி அடைகின்றனர்.

இந்த நிம்மதியைத்தான் நான் கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன். ஸ்பைக் பஸ்டர் வேண்டாம் என்பது என் கருத்து அல்ல. கட்டாயம் வேண்டும். ஆனால் அது நாம் செய்ய வேண்டிய முதல் செலவு அல்ல, மூன்றாவது செலவு. முதல் இரண்டையும் செய்யாமல் மூன்றாவதை மட்டும் செய்வது, கதவு இல்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்குவதைப் போன்றது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் பார்க்கலாம்.

சர்ஜ் என்பது என்ன?

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அளவு 230 வோல்ட். இது ஏறி இறங்கும் அலை என்பதால், அதன் உச்சியில் சுமார் 325 வோல்ட் இருக்கும். கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். இதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதனால் இதில் பிரச்னை எதுவும் இல்லை.

சில நேரங்களில் இந்த அலையின் மீது பல நூறு வோல்ட், சில வேளைகளில் பல ஆயிரம் வோல்ட் அளவுக்கு ஒரு திடீர் எழுச்சி ஏற்படும். இதனைத்தான் சர்ஜ் என்றும் ஸ்பைக் என்றும் சொல்கிறோம். இது நீடிக்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோ செகண்ட். பெரும்பாலான சர்ஜ்கள் சில பத்து மைக்ரோ செகண்டுகளில் முடிந்துவிடும். மின் அலையின் ஒரு சுற்றுக்கே 20,000 மைக்ரோ செகண்ட் ஆகும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு குறுகிய நேரத்திலும், நுண்ணிய சிப்களை எரித்துவிடும் சக்தி அதற்கு உண்டு.

இது எங்கிருந்து வருகிறது? முதலாவது காரணம் இடி மின்னல். மின்னல் நம் வீட்டின் மேல் விழ வேண்டும் என்பதில்லை. சற்றுத் தொலைவில் விழுந்தாலும் மின்கம்பிகளில் சர்ஜ் தூண்டப்படும். தமிழகத்தில் ஏப்ரல், மே மாதக் கோடை மழையிலும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்திலும் இந்த ஆபத்து அதிகம். இரண்டாவது, மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்ப வரும் தருணம். மூன்றாவது, நம் வீட்டிலேயே ஓடும் மோட்டார்கள். தண்ணீர் மோட்டார், பிரிட்ஜ், ஏ.சி. போன்றவை நிற்கும்போது சிறிய ஸ்பைக்குகளை உண்டாக்கும். இவை ஒரே நாளில் எதையும் எரித்துவிடாது. ஆனால் மெல்ல மெல்ல உள்ளே இருக்கும் பாகங்களைத் தேய்க்கும்.

ஸ்பைக் பஸ்டர் எப்படி வேலை செய்கிறது?

உண்மையான ஸ்பைக் பஸ்டரைத் திறந்து பார்த்தால், அதனுள் வட்டமான சிறு வில்லைகள் இருக்கும். இவற்றிற்கு எம்.ஓ.வி. என்று பெயர். துத்தநாக ஆக்ஸைடைக் கொண்டு செய்யப்படுபவை. வழக்கமான வோல்டேஜில் இவை மின்சாரத்தைத் தம் வழியே விடாது. வோல்டேஜ் ஓர் எல்லையைத் தாண்டியவுடன் கதவு திறந்தது போல மின்சாரத்தைத் தம் வழியே பாய விட்டு, கம்ப்யூட்டருக்குச் செல்ல வேண்டிய அதிகப்படியான அளவைக் குறைத்துவிடும். நம் நாட்டு வீட்டு மின்சாரத்திற்கு 275 வோல்ட் அளவுள்ள எம்.ஓ.வி. பரவலாகப் பயன்படுகிறது. இது பல ஆயிரம் வோல்ட் சர்ஜை ஏறத்தாழ 700 வோல்ட் அளவில் மட்டுப்படுத்தும். அந்தச் சில மைக்ரோ செகண்டுகளுக்கு அதனை எஸ்.எம்.பி.எஸ். பொதுவாகத் தாங்கிக்கொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒவ்வொரு சர்ஜையும் தாங்கும்போது எம்.ஓ.வி. கொஞ்சம் கொஞ்சமாகத் தன் திறனை இழக்கிறது. அதற்கு ஆயுள் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஸ்பைக் பஸ்டர் இன்னும் பாதுகாக்கும் என்று நம்பாதீர்கள். அதன் சுவிட்ச்சில் எரியும் சிவப்பு விளக்கு கரண்ட் வருகிறது என்பதை மட்டுமே காட்டும். எம்.ஓ.வி. உயிரோடு இருக்கிறதா என்பதை அது காட்டாது. இதற்கெனத் தனி விளக்கு நல்ல சாதனங்களில் மட்டுமே இருக்கும்.

இரண்டு, ஸ்பைக் பஸ்டர் போலத் தோற்றமளிக்கும் எல்லாம் ஸ்பைக் பஸ்டர் அல்ல. நான்கு சாக்கெட், ஒரு சுவிட்ச், ஒரு பியூஸ், ஒரு விளக்கு என்று மட்டுமே உள்ள பெட்டி வெறும் எக்ஸ்டன்ஷன் பாக்ஸ்தான். அட்டைப் பெட்டியில் ஜூல் அளவும், அது தாங்கும் சர்ஜ் கரண்ட்டின் அளவும் அச்சிடப்படவில்லை என்றால், உள்ளே எம்.ஓ.வி. இருக்கிறதா என்பதே சந்தேகம்தான்.

முதல் செலவு: எர்த்

தரமான ஸ்பைக் பஸ்டரில் மூன்று இடங்களில் எம்.ஓ.வி. இருக்கும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒன்று, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று. உங்கள் சாக்கெட்டில் எர்த் இணைப்பே இல்லை என்றால் என்ன ஆகும்? மூன்றில் இரண்டு வேலை செய்ய முடியாது. நீங்கள் கொடுத்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீண். மின்னலால் வரும் சர்ஜ் பூமிக்குச் செல்ல வழி தேடும். நல்ல வழியை நாம் அமைத்துக் கொடுக்காவிட்டால், அது மோடம் வழியாகவோ மதர்போர்டு வழியாகவோ தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும்.

எர்த் இல்லாததற்கு ஓர் எளிய அறிகுறி உண்டு. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் இரும்புக் கேபினட்டில் கை பட்டால் மெல்ல "ஜிவ்" என்று இழுக்கிறதா? பலர் இதனை ஸ்டேட்டிக் என்று நினைத்து விட்டுவிடுகின்றனர். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே சத்தத்தை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் கேபினட்டுடன் இணைக்கப்பட்டுள்ளன. எர்த் இருந்தால் அவற்றின் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லை என்றால் கேபினட் சுமார் 115 வோல்ட்டில், அதாவது பாதி வோல்டேஜில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கோளாறு ஏற்பட்டு பேஸ் நேரடியாகக் கேபினட்டைத் தொட்டுவிட்டால், அந்தக் கேபினட்டைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. கம்ப்யூட்டரை அதிகம் தொடுவது வீட்டுக் குழந்தைகள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்று பின் பிளக்கில் ஒரு பின் மட்டும் பெரியதாகவும் நீளமாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் எர்த் பின். பிளக்கைச் செருகும்போது முதலில் இணைவதும், பிடுங்கும்போது கடைசியில் விலகுவதும் அதுவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். அதனை உடைத்துவிட்டோ, இரண்டு பின் கன்வெர்ட்டர் போட்டோ பயன்படுத்துவது, பாதுகாப்புக்கென்று தந்ததை நாமே பிடுங்கி எறிவதாகும்.

ஆகவே எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். நல்ல இணைப்பில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்டும். இங்கும் ஒரு தந்திரம் நடப்பதுண்டு. எர்த் ஒயர் இல்லாத சாக்கெட்டில், உள்ளேயே நியூட்ரலை எர்த் பின்னுடன் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். மீட்டரில் பார்த்தால் எல்லாம் சரியாகத் தோன்றும். ஆனால் நியூட்ரல் ஒயர் எங்காவது அறுந்தால், உங்கள் கேபினட் முழு 230 வோல்ட்டில் நிற்கும். எனவே சாக்கெட்டைக் கழற்றி, பச்சை நிற ஒயர் தனியாக வருகிறதா, அது எர்த் குழி வரை போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எர்த் குழியில் கோடைக்காலத்தில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் ஏற்காது.

இரண்டாவது செலவு: ஓவர் வோல்டேஜ் கட் ஆப்

ஸ்பைக் பஸ்டரால் தடுக்கவே முடியாத ஓர் ஆபத்து இருக்கிறது. அதுதான் நியூட்ரல் அறுந்து போவது.

தெருவில் வரும் மின் இணைப்பில் மூன்று பேஸ்களும் ஒரு நியூட்ரலும் உள்ளன. இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் 230 வோல்ட் மட்டுமே கிடைப்பதற்குக் காரணம் நியூட்ரல். காற்றிலோ, மரக்கிளை விழுந்தோ, துருப்பிடித்தோ அந்த நியூட்ரல் விடுபட்டால், வெவ்வேறு பேஸ்களில் உள்ள வீடுகள் ஒன்றோடொன்று தொடராக இணைந்தது போல் ஆகிவிடும். அப்போது அதிக லோடு உள்ள வீட்டில் வோல்டேஜ் தாழ்ந்து, குறைந்த லோடு உள்ள வீட்டில் 300, 350 என்று ஏறும். பக்கத்து வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது, உங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு டியூப் லைட்டும் மட்டும் ஓடுகின்றன என்றால், அடி வாங்குவது உங்கள் வீடுதான்.

இது மைக்ரோ செகண்ட் விவகாரம் அல்ல. யாராவது கவனித்து மெயினை அணைக்கும் வரை நீடிக்கும். மைக்ரோ செகண்டுகளுக்காகச் செய்யப்பட்ட எம்.ஓ.வி. இதில் சூடாகி எரிந்துவிடும். தரமற்ற பெட்டியாக இருந்தால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து தீப்பிடிக்கக் கூடும். ஒரே இரவில் ஒரு தெருவில் பல வீடுகளில் டிவி, பிரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து போய்விட்டன என்று கேள்விப்பட்டால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்குத் தீர்வு, மெயின் போர்டில் பொருத்தப்படும் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் புரொடக்டர். வோல்டேஜ் நாம் வைத்த எல்லையைத் தாண்டினால் வீட்டின் இணைப்பையே துண்டித்துவிடும். நிலைமை சீரானதும், சிறிது நேரம் காத்திருந்து தானே இணைக்கும். மெயின் போர்டில் எம்.சி.பி. இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். எம்.சி.பி. அதிக கரண்ட் பாய்ந்தால் ஒயரைக் காப்பாற்றும். ஆர்.சி.சி.பி. கசிவு ஏற்பட்டால் மனிதரைக் காப்பாற்றும். இரண்டும் மிகவும் தேவை. ஆனால் வோல்டேஜ் ஏறுவதை அவை கவனிப்பதில்லை.

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் நடமாடும் வீடுகளில் ஊர் ஊராகச் செல்பவர்களிடம் நாம் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு இரவும் ஒரு புதிய முகாமில், முன்பின் தெரியாத ஒரு மின் பெட்டியில் அவர்கள் தங்கள் வண்டியை இணைக்க வேண்டும். அங்கே 50 ஆம்பியர் இணைப்பு என்பது 120 வோல்ட் கொண்ட இரண்டு லைன்கள். இரண்டுக்கும் ஒரே நியூட்ரல். அந்த நியூட்ரல் விடுபட்டால் நம் ஊரில் நடப்பதே அங்கும் நடக்கும். ஒரு லைனில் வோல்டேஜ் 240-ஐ நோக்கி ஏறும். எனவே விவரம் தெரிந்தவர்கள் வெறும் சர்ஜ் புரொடக்டரோடு நிற்பதில்லை. எர்த் இருக்கிறதா, பேஸ் நியூட்ரல் மாறியிருக்கிறதா, நியூட்ரல் சரியாக உள்ளதா என்று முதலில் சோதித்துவிட்டு, அதன் பிறகே வண்டிக்குள் கரண்ட்டை விடும் சாதனத்தைப் பயன்படுத்துகின்றனர். இத்தகைய சாதனங்கள் பொதுவாக 104 வோல்ட்டுக்குக் கீழே போனாலும், 132 வோல்ட்டுக்கு மேலே போனாலும் இணைப்பைத் துண்டித்துவிடும்.

அவர்களுடைய எண்ணம் எளிமையானது: சோதிக்காத சாக்கெட்டை நம்பாதே. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நம்மில் பலருக்கும் இது பொருந்தும். புது வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்க்கிறோம். எர்த் இருக்கிறதா என்று ஏன் பார்ப்பதில்லை?

மற்ற ஒயர்களை மறக்காதீர்கள்

கம்ப்யூட்டருக்குள் சர்ஜ் நுழைய மின்சார ஒயர் மட்டும்தான் வழி என்பதில்லை. கேபிள் ஆபரேட்டர் கம்பத்திலிருந்து நேரடியாக லேன் ஒயர் இழுத்து இன்டர்நெட் தந்திருந்தால், மின்னலின் சர்ஜ் அதன் வழியாக லேன் போர்ட்டுக்கு வந்து மதர்போர்டை எரித்துவிடும். மாடியில் உள்ள டி.டி.எச். டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளும் அப்படித்தான். பைபர் இணைப்பில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் இந்தத் தொல்லை பெரிதும் குறைவு. ஆனால் மோடத்தின் அடாப்டர் மின்சாரத்தில்தான் இருக்கிறது. எனவே மோடத்தையும் கம்ப்யூட்டர் செருகப்பட்டுள்ள அதே ஸ்பைக் பஸ்டரில் இணையுங்கள். முடிந்தால் கம்ப்யூட்டருக்கு லேன் ஒயருக்குப் பதில் வைஃபை பயன்படுத்துங்கள்.

யு.பி.எஸ். இருந்தால் போதாதா? யு.பி.எஸ்.ஸிலும் ஓரளவு சர்ஜ் பாதுகாப்பு உண்டு. மின்வெட்டில் பைல்களைச் சேமித்து முறையாக மூட அது அவசியம். ஆனால் அதற்கும் எர்த் வேண்டும். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் யு.பி.எஸ். தேவை இல்லை. ஆனால் சர்ஜ் வந்தால் முதலில் போவது அதன் அடாப்டர்தான்.

எப்படி வாங்குவது?

இவ்வளவையும் பார்த்த பிறகு ஸ்பைக் பஸ்டர் வாங்கச் செல்லுங்கள். கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. ஜூல் அளவும் சர்ஜ் கரண்ட் அளவும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ஜூல் எண் கூடுதலாக இருந்தால் ஆயுளும் கூடுதல்.

2. எம்.ஓ.வி. வேலை செய்கிறது என்பதைக் காட்டும் தனி விளக்கு இருந்தால் மிக நல்லது.

3. சூடானால் இணைப்பைத் துண்டிக்கும் வசதி இருக்க வேண்டும்.

4. மூன்று பின் பிளக் கொண்டதாக, தடித்த ஒயர் உள்ளதாக இருக்க வேண்டும்.

5. 6 ஆம்பியர் பிளக் என்றால் அதன் மொத்தத் தாங்கும் திறன் 1,380 வாட். அதில் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போன்றவற்றைச் செருக வேண்டாம். ஒரு ஸ்பைக் பஸ்டரில் இன்னொன்றைச் செருகுவதும் தவறு.

எந்த ஸ்பைக் பஸ்டரும் வீட்டின் மேலோ மிக அருகிலோ விழும் மின்னலைத் தாங்காது. வானம் கறுத்து, தூரத்தில் இடி கேட்கத் தொடங்கியதும் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, மின் பிளக்கையும் லேன் ஒயரையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்ச்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்ச்சின் சிறிய இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். இதை இடி அருகில் வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

யார் பொறுப்பு?

கம்ப்யூட்டர் விற்பவர்கள் ஸ்பைக் பஸ்டரை இலவசமாகத் தருவதைவிட, வீட்டுக்கு வந்து பொருத்தும்போது ஒரு நிமிடம் எர்த்தைச் சோதித்துச் சொன்னால் அதுவே பெரிய சேவை. சாக்கெட் டெஸ்டர் என்ற சிறிய சாதனம் சில நூறு ரூபாய்தான். எர்த் இல்லை என்று தெரிந்தும் சத்தம் போடாமல் பொருத்திவிட்டுப் போவது சரியல்ல. வீட்டு உரிமையாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வாடகைக்கு வருபவர் எர்த் கேட்டால், அதை வசதிக்கான கோரிக்கையாகப் பார்க்கக் கூடாது. குழாயும் கதவும் போல அதுவும் வீட்டின் ஒரு பகுதி. விளக்குகள் திடீரென்று மிகப் பிரகாசமாவதும் மங்குவதுமாக இருந்தால், உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்திற்குத் தகவல் தெரிவியுங்கள். அது நியூட்ரல் விடுபடுவதன் அடையாளமாக இருக்கலாம். உங்கள் புகார் உங்கள் தெருவையே காப்பாற்றும்.

பத்து வருடமாக எர்த் இல்லாமல்தான் ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் பத்து வருடம் ஓட்டியவரும் இதையே சொல்வார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். எரிந்துபோன எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடையில் வாங்கிவிடலாம். மதர்போர்டையும் வாங்கிவிடலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்களையும், ஐந்து வருடக் கடைக் கணக்கையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனவே எர்த், கட் ஆப், ஸ்பைக் பஸ்டர் மூன்றையும் செய்த பின்னரும், வாரம் ஒரு முறை முக்கியமான பைல்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்து முடித்ததும் அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். எந்த ஒயரிலும் இணைக்கப்படாத ஒன்றைத்தான் சர்ஜால் தொட முடியாது.